ஓட்ட நாள், பெர்மிட் நாள்

ஜனவரி 5, திங்கள். ஓ.நா.

என்னைச் சொன்னபடி கேளாதவன் என்று எழுதிவிட்டார்கள். எழுதியவர் மெயின் ரோடு கிளினிக் டாக்டரம்மா. எழுதிய இடம் என் மருந்துச் சீட்டின் தலை. ஆங்கிலத்தில், அடிக்கோடு போட்டு: நான்-கம்ப்ளயன்ட். கவுண்டரில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும்படி.

வீட்டுக்கு வந்ததும் அகராதியைப் பார்த்தேன். புத்தகக் கண்காட்சியில் வாங்கியது, அட்டை போய்விட்டது, உள்ளே எல்லாம் இருக்கிறது. இணங்காத, சொன்னபடி கேளாத. மைன்ஸில் நிலக்கரி கொண்டுபோகும் பெல்ட்டுக்கு ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். சர்வீஸ் முழுக்க ஒரு மெமோ வாங்கியதில்லை. இப்போது சர்க்கரை, பி.பி., நெஞ்சில் இழுப்பு என்று மூன்றையும் சுமக்கிற வயதில் இந்த மெமோ.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். போன மழைக்காலத்தில் இதே டாக்டரம்மா என் சட்டைப்பையில் பீடிக்கட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னது: "பீடிய நிறுத்தாம மாத்திரை போட்டு என்னங்க பிரயோஜனம்? மொதல்ல அத நிறுத்துங்க. அப்புறம் மாத்திரை."

மொதல்ல அது. அப்புறம் இது. எனக்குப் புரியாத பாஷையா? ஓடுகிற பெல்ட்டில் எவனும் கை வைக்கக் கூடாது. முதலில் பெல்ட் நிற்க வேண்டும். சுவிட்சைப் பூட்டி, சிவப்பு டேக் தொங்கவிட்டு, பெர்மிட்டில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் ஸ்பானர். டேக் போட்டவன்தான் டேக் எடுக்க வேண்டும். எஞ்சினியரே வந்தாலும் தொடக் கூடாது. அப்படி வேலை செய்ததால்தான் பத்து விரலோடு இதை எழுதுகிறேன்.

அதன்படி, நெஞ்சில் புகை ஓடும் நாளில் மருந்து கிடையாது. அது ஓட்ட நாள். பீடி தொடாத நாளில் எல்லா மாத்திரையும் உண்டு, இழுப்புக்குக் கொடுத்த பம்பும் உண்டு. அது பெர்மிட் நாள். தேதிக்குப் பக்கத்தில் ஓ.நா., பெ.நா. என்று குறித்து வருகிறேன். கலந்து செய்வதில்லை.

இன்று கேட்டார்: "மாத்திரை தினமும் போடறீங்களா?" நான் உண்மையைச் சொன்னேன். "பெர்மிட் நாளில் போடுகிறேன்." அது என்ன நாள் என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. பேனாதான் வந்தது.

சொன்னபடி கேட்டதுதான் நான் செய்தது.

பனி. எதிர் வீடு தெரியவில்லை. மூச்சு கொஞ்சம் கட்டு. மிக்ஸி ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டும்.


ஜனவரி 7, புதன். ஓ.நா.

பழனி டீக்கடை பெஞ்ச். ராஜமாணிக்கம் எனக்கு முன்பே வந்து குந்தியிருந்தான். (இனி ரா.மா. ஒரே ஷிப்ட், ஒரே பெல்ட், ஒரே பீடி. குவார்ட்டர்ஸைக் காலி செய்து வடக்குத்துக் கிராமத்தில் வீடு கட்டியதும் அடுத்தடுத்த தெருவில். வியாதியும் அதே மூன்று, அவனுக்குக் கூடுதலாக ரத்தம் உறையாமல் இருக்க ஒரு சின்ன மாத்திரை.)

சீட்டைக் காட்டினேன். அவனுக்கு ஆங்கிலம் வராது. விளக்கினேன். சிரித்தான்.

"யோவ் ஃபிட்டரே, உன் பொண்டாட்டி இத்தினி வருசமா வாயால சொன்னத அந்தம்மா பேனாவால சொல்லிட்டாங்க. இதுக்கு எதுக்கு மூஞ்சிய தூக்கிகினு இருக்கற?"

பிறகு: "பெல்ட்ட இழுத்தோம். பீடிய இழுத்தோம். இழுப்பு வந்துச்சி. இப்ப மருந்தயும் இழுவுன்றாங்க. இழுக்கறதுக்கே பொறந்தோம்டா நம்ப."

பெஞ்சே சிரித்தது. நானும் சிரித்து, இருமல் வந்து, பழனி வெந்நீர் கொடுத்தான்.

ஓட்ட நாள், பெர்மிட் நாள் இப்போது பெஞ்சில் எல்லோருக்கும் பழக்கம். வந்து உட்காரும்போதே கேள்வி: "இன்னிக்கு ஓட்டமா, பெர்மிட்டா?" டிரைவர் முருகேசன் மட்டும் முன்பு குழம்பினான். அவனுக்கு இரண்டு நாள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன்.

ரா.மா. காலைப் பார்த்தேன். செருப்பு வார் பதிந்த இடத்தில் பள்ளம், சுற்றி வீக்கம். கேட்டதற்கு, "பனிக்கு வீங்குது" என்றான். அவனுக்குக் கடைசியாகப் பெர்மிட் நாள் எப்போது வந்தது? அவனுக்கே ஞாபகமில்லை.

மிக்ஸி கொடுத்தாயிற்று. என் மனைவி சரோஜாவுக்குப் பொங்கல் மஞ்சள் கொத்து சொல்லி வைக்க வேண்டும்.


ஜனவரி 9, வெள்ளி. ஓ.நா.

கண்ணாடிக் காம்பு மாற்ற வடலூர். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பின்சீட்டில் இரண்டு பேர் பேச்சு. ஒருவர் குல்லா போட்டவர், மற்றவர் மெரூன் ஸ்வெட்டர். முன்பின் பார்த்ததில்லை.

ஸ்வெட்டர்: "காலைல மாத்திரை போட்டுகினியா?"

குல்லா: "இன்னிக்கு ஓட்ட நாளுப்பா. ரெண்டு பீடி ஆயிடுச்சி. போடக் கூடாது."

ஸ்வெட்டர்: "ஆமாமா. ரெண்டும் சேந்தா வெஷமாமே. மைன்ஸ் ஆளுங்க சொன்னாங்க."

விஷம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. வழியில் யாரோ ஒட்டியிருக்கிறார்கள். ஆனாலும் என் வார்த்தை. அட்சரம் பிசகாமல் என் வார்த்தை. வடக்குத்து பெஞ்சில் இருந்து கிளம்பி, எனக்கு முன்னாலேயே வடலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. திரும்பி, "அது நான் சொன்னது" என்று சொல்ல வாய் வரை வந்தது. இறங்கும்போது நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது, பொய் எழுத மாட்டேன்.

சரோஜாவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே: "அந்த ஊருல ஒருத்தரு பசிக்கு வழி காட்டிட்டுப் போனாரு. நீங்க பீடிக்கு வழி காட்டறீங்க. ரொம்பப் பெரும."

நானும் ஒரு கட்டை எடுத்து ஆய்ந்தேன். கீரையில் மண்.

கண்ணாடி சரியாயிற்று. எழுத்து முன்னைவிடக் கறுப்பாகத் தெரிகிறது.


ஜனவரி 12, திங்கள். ஓ.நா.

கிளினிக் போனேன். அந்த வார்த்தையை அடிக்கச் சொல்லிக் கேட்க. டாக்டரம்மா பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டார். கவுண்டர் பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு: "அது சிஸ்டத்துல ஏறிடுச்சிங்க ஐயா. ஏறினது ஏறினதுதான்."

"தப்பாக ஏறியிருந்தால்?"

"தப்பா ஏறினாலும் ஏறினதுதாங்க."

இப்படி ஒரு பதிலைப் பெல்ட்டில் சொல்லியிருந்தால் அன்றே வெளியே.

திரும்பும்போது பெஞ்ச். ரா.மா. பீடியை வாயில் வைத்துக்கொண்டு தீக்குச்சி உரசிக்கொண்டிருந்தான். உரசினான், குச்சி நழுவியது. மறுபடி. மறுபடியும். வலது கைவிரல் குச்சியைப் பிடிக்காமல் அதன் பக்கத்தில் காற்றைப் பிடித்தது.

"தீப்பெட்டி ஈரம்யா. இந்தப் பனி இருக்குதே..."

நான் வாங்கி உரசினேன். முதல் உரசலில் பற்றியது. அவன் தீயைப் பார்க்காமல் தன் கையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் பழனி பக்கம் திரும்பி இரண்டு டீ சொன்னேன்.

தீப்பெட்டியில் ஈரமில்லை. இதை எதற்கு எழுதுகிறேன் தெரியவில்லை.

மூச்சு: மாடிப்படி பாதியில் நிற்க வேண்டியிருக்கிறது. மஞ்சள் கொத்து வந்தது. கரும்பு நாளை.


ஜனவரி 14, புதன். போகி. ஓ.நா.

தெருவெல்லாம் புகை. பாய், பழைய துணி, எவனோ டயர். அனல் மின்நிலையத்துக் கோபுரங்கள் விடும் வெள்ளை ஒரு பக்கம், இந்தக் கறுப்பு ஒரு பக்கம், நடுவில் பனி. சூரியன் பழைய வெண்கலத் தட்டு மாதிரி. பார்த்தால் கண் கூசவில்லை.

ரா.மா. கம்பளி சுற்றிக்கொண்டு வந்தான். "ஃபிட்டரே, இன்னிக்கு ஊருக்கே ஓட்ட நாளு! ஒருத்தனும் மாத்திர போடக் கூடாது!" சிரித்தான். சிரிப்பு வாயின் ஒரு பக்கத்தில் மட்டும் வந்தது. மறுபக்கம் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தது. குளிரில் உதடு மரத்திருக்கும்.

"பொங்கல் முடியட்டும். மொத்தமா பெர்மிட் வாங்கிடலாம், ரெண்டு பேரும்" என்றேன்.

"ம்." அவன் வழக்கமாக 'ம்' என்று மட்டும் சொல்கிறவன் இல்லை.

மதியத்துக்கு மேல் எனக்கு இழுப்பு. முதுகை வளைத்து, கட்டில் ஓரத்தைப் பிடித்து உட்கார்ந்தேன். உள்ளே விசில். சரோஜா பம்பை எடுத்து வந்து கண்முன் நீட்டினாள்.

"இழுங்க."

"இன்று ஓட்ட நாள்."

"ஒங்க பெல்ட்டும் மண்ணாங்கட்டியும்! உயிரு போவுது, விதி பேசறாரு!" பம்பைக் கட்டிலில் எறிந்துவிட்டுப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் ஆவி பிடிக்க வெந்நீர் கொண்டுவந்தாள். கண் சிவந்திருந்தது. புகை என்றாள்.

பம்பை இழுக்கவில்லை. கட்டிலில் கிடந்தது, எழுதுகிற இந்த நேரம் வரை கிடக்கிறது.


ஜனவரி 16, வெள்ளி. மாட்டுப் பொங்கல்.

எழுத முடியுமா பார்க்கிறேன்.

காலை பதினோரு மணி இருக்கும். மங்கை ஓடி வந்தாள், ரா.மா. மனைவி. தலைமுடி அவிழ்ந்து, கையில் கரண்டியோடு. "அண்ணே, வந்து பாருங்கண்ணே, ஒரு மாரியா பேசறாரு."

ஒரு மாதிரி இல்லை. பேச்சே இல்லை. வாசலில் நாற்காலியில் சாய்ந்திருந்தான். இலையில் பொங்கல். வலது கை தொடைமேல் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் போல. வாய் கோணி எச்சில். கண் மட்டும் என்னைத் தெரிந்துகொண்டது.

ஆம்புலன்ஸ். பாண்டிச்சேரி ரோடு. மங்கை முன்னால், நான் பின்னால், அவன் காலைப் பிடித்துக்கொண்டு. வீக்கத்தில் என் விரல் பதிந்த இடம் எழும்பவே இல்லை.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர், ஆண், தூக்கம் கெட்ட முகம். மங்கையிடம்: "பி.பி. மாத்திரை, ரத்தம் உறையாத மாத்திரை, கடைசியா எப்பம்மா போட்டாரு?"

மங்கை: "ஓட்ட நாளுங்க, ஐயா."

"என்ன நாள்?"

"ஓட்ட நாளுங்க. பொகை நாளு. பீடி குடிச்சா போடக் கூடாதுல்லீங்களா. வெஷமில்லீங்களா. பெர்மிட் நாள்லதான் போடுவாரு. பெர்மிட் வந்து... ரொம்ப நாளாச்சிங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். வராந்தாவில் நின்றபடி நான் விளக்கினேன். பெல்ட், டேக், பெர்மிட். பாதியிலேயே என் குரல் எனக்குக் கேட்கவில்லை. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"பெரியவரே, பீடிய நிறுத்தறது ஒரு வேலை. மாத்திரை இன்னொரு வேலை. ஒண்ணு முடியலைன்னு இன்னொண்ண விடக் கூடாது. பீடி பிடிச்ச நாள்லயும் மாத்திரை போடணும். அன்னிக்குத்தான் ரத்தக் குழாய்க்குச் சோதனை. விஷமெல்லாம் இல்ல. யாரு சொன்னது இத?"

மங்கை என் பக்கம் திரும்பினாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மொதல்ல அது, அப்புறம் இது என்று சொன்னது டாக்டரம்மா. பீடி பிடித்தாலும் போடு என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தர் சொன்னாரா? யாரும் சொல்லவில்லை. இதைச் சத்தமாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். விசில் உள்ளே. சட்டைப்பையில் இருந்த பம்பை எடுத்து இழுத்தேன். சரோஜா எப்போது வைத்தாளோ.


ஜனவரி 18, ஞாயிறு.

ரா.மா. கண் திறந்திருக்கிறான். வலது பக்கம் வரவில்லை. வருமா என்றால், "பாக்கலாம்" என்கிறார்கள்.

ஒரு வார்த்தை வருகிறது. ஒன்றே ஒன்று. தண்ணீர் வேண்டுமா என்றால் அது. வலிக்கிறதா என்றால் அது. மங்கை அழுதால் அது.

"பெர்மிட்."

நர்ஸ் என்னிடம் கேட்டாள்: "எதுக்குங்க ஐயா பர்மிஷன் கேட்டுகினே இருக்காரு? நாங்க எதுவும் வேணாங்கலியே."

நான் அவன் இடது கையைப் பிடித்தேன். இறுக்கினான். "பெர்மிட்" என்றான், கெஞ்சுவது போல. மறுபடி, திட்டுவது போல. அந்த ஒரு வார்த்தையில் எல்லாக் குரலும் இருக்கிறது.

வெளியே வந்தேன். பீடிக்கடை எதிரிலேயே. நின்றேன். வாங்கினேனா இல்லையா என்பதை எழுதப்போவதில்லை. பஸ்ஸுக்கு முன் எல்லா மாத்திரையும் போட்டேன் என்பதை எழுதுகிறேன்.


ஜனவரி 19, திங்கள்.

பனி குறையவில்லை. பெஞ்ச். ரா.மா. இடத்தை விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன், ஷிப்ட் மாறும்போது சொல்வது போல: "பீடி குடித்தாலும் மாத்திரை போட வேண்டும். ஓட்ட நாளும் கிடையாது, பெர்மிட் நாளும் கிடையாது. எல்லா நாளும் மருந்து நாள்."

முருகேசன் டீயை ஊதினான். "ஃபிட்டரே, நீங்க மனசு ஒடஞ்சி பேசறீங்க. ராஜமாணிக்கம் அண்ணன் தலைவிதி அப்பிடி. ஒங்க விதி தப்பாவாது."

"தப்பு என்று நான் சொல்கிறேன்."

"நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க? ரெண்டு நாள் குந்த வெச்சி?" கோபமில்லை அவனுக்கு. என்னை என்னிடமிருந்தே காப்பாற்றுகிற முகம். "அவரு கலந்துட்டாருன்றேன். போகி அன்னிக்கு பொகையில மாத்திர எதுனா போட்டுகினு இருப்பாரு. அதான் இழுத்துட்டுது."

"அவன் போடவே இல்லையப்பா!"

"ஒங்களுக்குத் தெரியுமா?"

பழனிகூடத் தலையாட்டினான். அவன் மாமனார் ஊரில், வளையமாதேவிப் பக்கம், பெரியவர்கள் இப்போது இப்படித்தான் பார்த்துப் போடுகிறார்களாம். "நல்லாத்தான இருக்காங்க" என்றான்.

நல்லாத்தான் இருப்பார்கள். ரா.மா. போகி அன்று நல்லாத்தான் இருந்தான்.

எழுந்து வந்துவிட்டேன். முருகேசன் பின்னாலேயே கூப்பிட்டான்: "இன்னிக்கு ஓட்டமா பெர்மிட்டான்னு சொல்லாம போறீங்களே!" எல்லோரும் சிரித்தார்கள். வழக்கமான சிரிப்பு.


ஜனவரி 20, செவ்வாய். எந்த நாளும் இல்லை, நாள்தான்.

செய்ய வேண்டியது. செய்ய வேண்டியவர்.

டாக்டரம்மா: என் சீட்டில் அந்த வார்த்தையை அடிக்க வேண்டும். அதில் நான் விடப்போவதில்லை. "பிரயோஜனம் என்ன" என்று இனி ஒருவரிடமும் கேட்கக் கூடாது. கேட்பது கேள்வி என்று அவருக்குத் தெரியும், எங்களுக்கு அது ஆர்டர். "பிடிச்சாலும் போடுங்க, நிறுத்தவும் பாருங்க" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாளை நேரில் போய் இதைச் சொல்வேன். பெர்மிட் நாள் என்றால் என்ன என்று இந்த முறை அவர் என்னிடம் கேட்காமல் விட மாட்டேன்.

கவுண்டர் பையன்: மருந்துக் கவரின் மேல் அதைத் தமிழில், பெரிதாக. ஏறினது ஏறினதுதான் என்றால் இதையும் ஏற்றட்டும்.

சரோஜா: மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுப்பது போல் கையில் வைத்து நிற்க வேண்டாம். அடுப்பங்கரை ஜன்னலில் வைத்தால் போதும். நானே எடுப்பேன். பம்பு சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

மங்கை: அவன் பழைய மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த வீட்டுக்கு வர வேண்டும் என்றில்லை. வந்தால் கதவு திறந்திருக்கும்.

பழனி: பெஞ்சுக்கு மேலே காகிதம் ஒட்ட இடம். எழுதித் தருவது நான். கிழித்தால் மறுபடி எழுதித் தருவேன். வளையமாதேவிக்கு அவன் மாமனாருக்கு போன், என் முன்னால்.

முருகேசன்: நாளைக் காலை டீக்கு முன் மாத்திரை. போடும்வரை எதிரில் உட்காருவேன். சொல்லிக்கொடுக்க இரண்டு நாள் ஆயிற்று. மறக்கடிக்க எத்தனை ஆனாலும் சரி.

ராஜமாணிக்கம்: இன்னொரு வார்த்தை சொல்ல வேண்டும். எதுவானாலும். என் பேரைச் சொல்லித் திட்டினாலும்.

குல்லா, மெரூன் ஸ்வெட்டர்: பெயர் தெரியாது, ஊர் தெரியாது. வடலூர் பஸ், காலை, பின்சீட்டு. அவர்கள் யாரிடம் சொன்னார்கள், அவர்கள் யாரிடம் சொல்வார்கள், தெரியாது. கண்டுபிடிக்க வேண்டும். எல்லா பஸ்ஸிலும் ஏறிப் பார்க்க வேண்டும். டேக் போட்டவன்தான் எடுக்க வேண்டும், வேறு எவனும் தொடக் கூடாது.

செய்ய வேண்டியவர்: நான்.